மைனஸ் நாற்பதுக்கு முன்னுரிமை இல்லை

ஒரு பிழையைத் திருத்த எங்கள் கம்பெனி எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பற்றி வெளியில் பலவிதமாகப் பேசுகிறார்கள். அது நியாயமில்லை. திருத்துவதற்கு எங்களுக்கு ஒருபோதும் நேரம் ஆனதில்லை. எதை முதலில் திருத்துவது என்று முடிவு செய்வதற்குத்தான் ஆகிறது. அந்த முடிவை எடுக்கிற முன்னுரிமைக் குழுவில் யார் என்ன பேசினார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. ஆகவே கொரீன் வாசிலுக் விஷயத்தில் நடந்ததை மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஒழுங்காக என்னால் சொல்ல முடியும்.

கம்பெனியின் பெயர் எம்பர்வெல். வின்னிபெக்கில், ரயில் யார்டுக்குப் பின்னால் இருக்கிறது. பள்ளிக்கூடம், சமூகக் கூடம், முதியோர் இல்லம் மாதிரியான கட்டடங்களின் நிலவறையில் ஆளுயரத்துக்கு உலைகள் இருக்கும். கட்டடத்தைச் சூடாக வைப்பவை அவைதான். அவை எப்போது எரிய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று ஆட்டி வைக்கிற பெட்டியும் அதற்குள் ஓடுகிற சாஃப்ட்வேரும் எங்களுடையவை. எங்கள் மாகாணமான மானிடோபாவில் குளிர்காலம் என்பது ஒரு பருவம் இல்லை, ஒரு குடியிருப்பாளர். அது வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வதற்கு எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

கொரீன் ஒரு செய்தித்தாளின் இணையதளப் பிரிவில் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். அந்தப் பத்திரிகை மூடப்பட்டதும் எங்களிடம் வந்தாள். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். பெரிய மேதை எல்லாம் இல்லை. எங்களில் யாரையும் போலத்தான் எழுதுவாள், எங்களில் யாரையும் போலத்தான் தப்பும் விடுவாள். பத்திரிகையில் ஒரு தப்பு கண்ணில் பட்டால் அன்று மாலைக்குள் திருத்திவிட்டு, மறுநாள் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வருத்தம் தெரிவிப்பார்களாம். எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு அவள் வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் இலையுதிர் காலத்திலேயே அவளுக்கு மார்ஜ் டுஷார்மின் போன் வந்தது. மார்ஜ், வடக்கே மூஸ் நேரோஸ் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகி. போன குளிர்காலத்திலிருந்தே எங்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தவர். புதிதாக யார் சேர்ந்தாலும் அவருடைய போனை அவர்களுக்குத் திருப்பிவிடுவது எங்கள் வழக்கம்.

"கண்ணு, போன ஜனவரியில உங்க பெட்டி எங்க உலையை அணைச்சிடுச்சு" என்றார் மார்ஜ். "நான் கீழ போயி பட்டனை அமுக்குனேன், எரிஞ்சுது. மூச்சு வாங்கிக்கிட்டு மேல ஏறி வர்றதுக்குள்ள மறுபடி அணைச்சிடுச்சு. அன்னிக்கு எங்க ஆளுங்க தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு ஓட்ஸ் கஞ்சி குடிச்சாங்க. தொண்ணூறு வயசுக்காரர் கையுறையோட ஸ்பூனைப் பிடிக்கிறத நீ பாத்திருக்கியா? பாக்காத."

அன்று எவ்வளவு குளிர் என்று கொரீன் கேட்டாள். மைனஸ் நாற்பது. அதற்குக் கீழே இறங்கியதும் தானாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆமாம், நாற்பத்திரண்டு ஆனதும் பட்டனை அமுக்கியவுடன் ஒழுங்காக எரிந்தது என்றார் மார்ஜ்.

கொரீன் பெட்டியின் நிரலைத் திறந்து பார்த்தாள். கட்டடத்தின் வெளிச்சுவரில் இருக்கிற எங்கள் கருவி குளிரை இரண்டு கணக்கில் அனுப்பும். எங்களுக்காக செல்சியஸ், நாட்டு எல்லைக்குத் தெற்கே இருக்கிற வாடிக்கையாளர்களுக்காக ஃபாரன்ஹீட். எப்போதோ ஒரு முன்ஜாக்கிரதைக்காரர், இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பொருள், உலையை உடனே அணை, என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் சந்தித்துக் கைகுலுக்குகிற இடம் ஒன்று உண்டு. மைனஸ் நாற்பதில் இரண்டும் ஒன்றே. ஆகவே எந்தக் குளிரில் உலை எரிந்தே தீர வேண்டுமோ, சரியாக அந்தக் குளிரில் எங்கள் பெட்டி அதை அணைத்தது.

அந்த ஒரு வரியை அழித்தால் போதும். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் முன்னுரிமைக் குழு ஒரு பிழைக்கு நிறம் கொடுக்கும் வரை அதைத் தொடக்கூடாது என்பது கம்பெனி விதி. அதனால் கொரீன் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வந்தாள்.

கூட்டம் நடக்கும் அறைக்குத் 'தெளிவு' என்று பெயர். நடுவில் ஒரு பெட்டி டோனட் உருண்டைகள் இருக்கும். தலைவர் கிளென் ரெம்பெல், தரப் பிரிவின் துணைத் தலைவர். குரலை உயர்த்தவே மாட்டார். எதையும் மறுக்கவும் மாட்டார். அவர் எதிரில் வந்து உட்கார்ந்த எந்தக் கோரிக்கையும் மரியாதையாக நடத்தப்பட்டு, தூங்கிப்போகும்.

ஆரம்பத்தில் எங்களிடம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றே நிறங்கள் இருந்தன. எல்லோரும் தங்கள் பிழை சிவப்பு என்றே சொன்னதால் கடும் சிவப்பு என்று ஒன்றைச் சேர்த்தோம். எல்லோரும் கடும் சிவப்புக்கு மாறினார்கள். கடைசியில் கிளென் ஒரு பெயின்ட் கடைக்குப் போய் சிவப்பில் இருக்கிற அத்தனை மாதிரி அட்டைகளையும் வாங்கி வந்தார். இப்போது எங்கள் பிழைகள் மாதுளை, செங்கல், பாட்டிவீட்டுக் கதவு, அஸ்தமனம் என்று அந்தக் கடைக்காரர்கள் வைத்த பெயர்களில்தான் வழங்குகின்றன. எது எதைவிட அவசரம் என்பது ஜன்னல் ஓரமாகப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பார்த்துச் சொல்வது கிளென்.

கொரீன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கிளென் பரிவோடு தலையாட்டினார்.

"இந்தப் பிழை இப்ப நடக்குதா?"

"இப்ப அக்டோபர். வெளிய ப்ளஸ் ஒன்பது."

"அப்ப இப்ப நடக்கல."

"ஜனவரியில நடக்கும்."

"ஜனவரியில நடக்கிறத ஜனவரியில பாக்கலாம், கொரீன். நடக்காத ஒண்ணை எடுத்து முன்னாடி வெச்சா, இப்ப நடந்துக்கிட்டிருக்கிற பிழைங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

ஜனவரியில் திருத்தினால் அது வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர மார்ச் ஆகிவிடுமே என்று கொரீன் கேட்டாள். மார்ச்சில் மைனஸ் நாற்பது வராது, அதனால் பிரச்சினை இல்லை என்றார் கிளென். பிழைக்குச் செங்கல் நிறம் கொடுத்தார். தானியங்கிச் சோதனை இல்லாத பிழை வெறும் வதந்தி, ஆகவே ஒரு சோதனையோடு மறுபடி வரும்படியும் சொன்னார்.

தானியங்கிச் சோதனை என்பது ஒரு நிரலைக் கேள்வி கேட்பதற்காக எழுதப்படும் இன்னொரு நிரல். கேட்ட கேள்விக்கு எதிர்பார்த்த பதில் வந்தால் தேறியது, வராவிட்டால் தோற்றது. கொரீன் ஒன்று எழுதினாள். வெளியே மைனஸ் நாற்பது, உலை எரிகிறதா? எரியவில்லை என்று பதில் வந்தது. சோதனை தோற்றது. பிழை இருக்கிறது என்று நிரூபணம் ஆகிவிட்டது என்ற நிம்மதியோடு அதைச் சோதனைப் பிரிவுத் தலைவர் டெரில் ஆர்னசனிடம் கொண்டுபோனாள்.

டெரில் அவளை எங்கள் வரவேற்பறைக்கு அழைத்துப்போய் ஒரு விளக்கைக் காட்டினார். எல்லாச் சோதனைகளும் தேறினால் அது பச்சையாக எரியும். ஒன்று தோற்றாலும் சிவப்பாகிவிடும். மாட்டிய நாளிலிருந்து அது சிவந்ததே இல்லை. எங்கள் முதலாளி வெண்டல் அதன் பக்கத்தில் நின்று வாடிக்கையாளர்களோடு போட்டோ எடுத்துக்கொள்வார்.

"நம்மகிட்ட பதினோராயிரம் டெஸ்ட் இருக்கு" என்றார் டெரில். "இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட ஒரு தப்பையும் கண்டுபிடிச்சதில்ல. அவ்வளவு தரம்."

"தப்பு இருந்தா கண்டுபிடிக்கணும்னுதானே டெஸ்ட்?"

"அப்படித்தான் வெளிய பண்றாங்க. அதனாலதான் அவங்க விளக்கு அடிக்கடி சிவக்குது."

அன்று மதியம் கொரீன் அந்தச் சோதனைகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தாள். ஒன்று, திங்களுக்கு அடுத்தது செவ்வாய்தானா என்று சரிபார்த்தது. இன்னொன்று கம்பெனியின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தது. பல ஆயிரம் சோதனைகள் நிரலிடம் 'நலமா?' என்று கேட்டு, அது 'நலம்' என்று சொன்னதும் தேறின. எப்போதாவது தோற்றுவிடக்கூடிய சோதனைகளை 'ஓய்வு' என்ற தனி இடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே அவற்றை யாரும் ஓட்டுவதில்லை, நிம்மதியாக இருந்தன.

தோற்கிற சோதனையை உள்ளே விட முடியாது, சோதனை இல்லாத பிழையைக் குழு பார்க்காது. இரண்டுக்கும் நடுவில் கொரீன் சில வாரங்கள் அலைந்தாள். டெரில் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி செய்துகொடுத்தார். சோதனையில் ஒரு சொல்லை மாற்றினார். வெளியே மைனஸ் நாற்பது, உலை அணைந்திருக்கிறதா? அணைந்திருக்கிறது. தேறியது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

குழு கைதட்டி அதை ஏற்றுக்கொண்டது. மைனஸ் நாற்பதில் உலை அணைவது இனி உறுதி செய்யப்பட்ட நடத்தை, யாராவது கை தவறி அதைக் கெடுத்துவிட்டால்கூட உடனே தெரிந்துவிடும் என்று கிளென் விளக்கினார். பிழைக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டதால் அதன் அவசரம் ஒரு படி குறைந்தது. செங்கல் அஸ்தமனம் ஆயிற்று. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் கொரீன் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்துவிட்டது என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

டிசம்பரில் ஆறு உறைந்தது. இரவில் காரின் இன்ஜின் உறையாமலிருக்க மின்சார வயரைச் செருகி வைக்காதவர்கள் காலையில் பஸ்ஸில் வந்தார்கள். கொரீன் மறுபடி குழுவுக்கு வந்தாள். இந்த முறை வானிலை அறிக்கையையும், வடக்கே எங்கள் பெட்டி இருக்கிற கட்டடங்களின் பெயர்களையும் கொண்டுவந்திருந்தாள். அவற்றில் இருக்கிறவர்கள் பாதிப் பேர் எழுந்து இன்னொரு ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூட முடியாதவர்கள் என்றாள்.

எத்தனை கட்டடங்கள் பாதிக்கப்படும் என்று கிளென் கேட்டார். அந்தக் குளிர் வந்தால் எல்லாமே என்றாள்.

கிளென் டோனட் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தார். அவர் அப்படிச் செய்தால் உரை வருகிறது என்று அர்த்தம்.

"இங்கதான் நிறையப் பேர் குழம்புறாங்க" என்றார். "ஒருத்தருக்கு நடந்தா அது அவரோட பிரச்சினை. பத்துப் பேருக்கு நடந்தா அது பிழை. எல்லாருக்கும் நடந்தா அது வானிலை. வானிலையைத் திருத்துற அதிகாரத்த இந்தக் குழுவுக்கு யாரும் குடுக்கல. குடுத்தாலும் நான் வாங்கிக்க மாட்டேன், ஏன்னா ஏற்கெனவே நம்ம வரிசை நீளமா இருக்கு."

அன்று மாலை கொரீன் மார்ஜுக்குப் போன் செய்தாள். என் மேஜை அவள் மேஜைக்கு எதிரில் இருப்பதால் பேச்சு எனக்குக் கேட்டது. மன்னிப்பு கேட்டுத்தான் ஆரம்பித்தாள். மார்ஜ் அதை எல்லாம் நிறுத்தச் சொன்னார் போலிருக்கிறது. பிறகு கொரீன் தணிந்த குரலில், வெளிச்சுவரில் இருக்கிற கருவியை எதையாவது வைத்துக் கொஞ்சம் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், மைனஸ் நாற்பது என்பது அதற்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள்.

மார்ஜ் காரியத்தில் கெட்டி. இல்லத்தில் போட்ரி என்று ஒரு கிழவர், முதுகு வலிக்கு மின்சார ஒத்தடப் பை வைத்திருந்தார். மார்ஜ் அதைக் கேட்டு வாங்கிக் கருவியைச் சுற்றிக் கட்டிவிட்டார். தன் முதுகு வலி ஒத்தடத்தை ஒரு சுவருக்குத் தானமாகக் கொடுத்த ஒரே ஆள் தான்தான் என்று போட்ரி சாப்பாட்டு மேஜையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். மார்ஜ் இந்த வித்தையைத் தனக்குத் தெரிந்த மற்ற நிர்வாகிகளுக்கும் சொன்னார். ஊர் ரேடியோவிலும் சொன்னார். கொஞ்ச நாளில் வடக்கு மானிடோபா முழுவதும் எங்கள் கருவிகள் சூடான காலுறை, பல்பு, நாய்க்குட்டிகளுக்கான மெத்தை என்று சௌகரியமாக வாழ ஆரம்பித்தன.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. வெளியே எவ்வளவு குளிரோ அதற்கு ஏற்றபடிதான் எங்கள் பெட்டி உலையை முடுக்கும். கருவி மைனஸ் பத்து என்று நினைத்துக்கொண்டிருந்ததால் உலையும் மைனஸ் பத்துக்கு எரிகிற அளவுதான் எரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கதகதப்பும் இல்லை. இல்லத்துக்காரர்கள் பகலெல்லாம் போர்வைக்குள் உட்கார்ந்து சீட்டாடினார்கள். சீட்டைப் பிடித்த கை மட்டும் வெளியே இருக்கும், தன் முறை முடிந்ததும் உள்ளே போய்விடும் என்று மார்ஜ் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை என்று கொரீன் என்னிடம் சொன்னாள்.

எங்கள் குழுவில் இது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. வடக்கில் எந்தக் கட்டடத்துக்கு வெளியிலும் குளிர் மைனஸ் பதினைந்துக்குக் கீழே போகவில்லை என்று கருவிகள் சொன்னதை டெரில் பெரிய திரையில் காட்டினார். அஸ்தமனம் கொடுத்ததே போதுமானதாக இருந்திருக்கிறது, பிழை தானாகவே அடங்குகிறது என்றார் கிளென். கருவிகளுக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கொரீன் சொன்னாள். புள்ளிவிவரத்தை உணர்ச்சியோடு பார்க்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வின்னிபெக்கிலேயே மைனஸ் நாற்பது வந்தது. எங்கள் அலுவலகமும் எங்கள் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறது. எங்கள் கருவிக்கு யாரும் காலுறை போடவில்லை. காலையில் நாங்கள் வந்தபோது உலை அணைந்திருந்தது. 'தெளிவு' அறையின் ஜன்னலில் உள்பக்கமாகப் பனி படர்ந்திருந்தது.

கூட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. எல்லோரும் பார்கா என்ற தடித்த குளிர் மேலங்கியின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்ததால் யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் சிரமப்பட்டேன். பேனா எழுதவில்லை. டோனட் உருண்டைகள் கல்லாகிவிட்டன. ஒருவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்ப வைத்தார்.

கொரீன் எழுந்தாள். ஒரு வரியை அழிக்க வேண்டும், குழு சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த அறையில் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிடலாம், வடக்கேயும் ஒத்தடப் பையை அவிழ்த்துவிடலாம் என்றாள். இரண்டு மூன்று தொப்பிகள் ஆமோதித்து அசைந்தன. குழுவின் வரலாற்றில் அவ்வளவு நெருக்கமாக ஒரு முடிவை நாங்கள் எட்டியதில்லை.

கிளென் கையுறையோடு கையை உயர்த்தினார்.

"எனக்கும் குளிருது. அதனாலதான் நான் பயப்படுறேன். நாமளே குளிர்ல உக்காந்துக்கிட்டு குளிரப் பத்தி முடிவெடுத்தா, அது பாரபட்சம். நம்ம மேல நம்பிக்கை வெச்சிருக்கிற வாடிக்கையாளருக்கு நாம அப்படிப் பண்ணலாமா?"

பாரபட்சமில்லாமல் முடிவெடுப்பதற்காக, கூட்டம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற டோனட் கடைக்கு ஒத்திவைக்கப்பட்டது. கடை நன்றாகச் சூடாக இருந்தது. நாங்கள் பார்காக்களைக் கழற்றினோம். சூப் வாங்கினோம். அரை மணி நேரம் அமைதியாக யோசித்துப் பார்த்ததில், பிழை அவ்வளவு அவசரமானது இல்லை என்று குழு ஒருமனதாக உணர்ந்தது.

கொரீன் வரவில்லை. குழாய்கள் உறைந்து வெடிக்காமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அலுவலகத்திலேயே இருந்துவிட்டாள்.

நாங்கள் இரண்டாவது சூப்பில் இருந்தபோது கிளெனுக்குப் போன் வந்தது. முதலாளி வெண்டல். குளிர்காலத்தை அவர் அரிசோனாவில் கழிப்பார். அன்று நீச்சல் குளத்தருகே படுத்துக்கொண்டு எங்கள் சாஃப்ட்வேரைத் தன் போனில் திறந்து பார்த்திருக்கிறார். திரை மூலையில் இருக்கிற பனித்துளிப் படம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

முதலாளிக்குத் தோன்றுவதை நாங்கள் 'தொலைநோக்கு' என்போம். தொலைநோக்குக்கு முன்னுரிமை கிடையாது, நிறம் கிடையாது, சோதனை கிடையாது. அது அன்றைக்கே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போய்விடும். யார் செய்வது என்று கிளென் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் கொரீன். போன் செய்து, பனித்துளியை நீலமாக்கி உடனே அனுப்பிவிடும்படி சொன்னார்.

"எவ்வளவு நீலம்?" என்று கொரீன் கேட்டாள்.

"பாத்தாலே குளிரணும்னு சொல்றாரு."

கொரீன் பனித்துளியை நீலமாக்கினாள். நிரல் திறந்திருந்தது. அந்த வரியும் அங்கேயே இருந்தது. அவள் அதையும் அழித்தாள். இரண்டையும் சேர்த்து அனுப்பினாள். பிறகு நிலவறைக்குப் போய் எங்கள் உலையின் பட்டனை அமுக்கினாள். அங்கேயே, உலைக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த ஒரு வாளியின் மேல், அது அணையாது என்று உறுதியாகத் தெரியும் வரை உட்கார்ந்திருந்ததாக என்னிடம் பிறகு சொன்னாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது கட்டடம் சூடாகிக்கொண்டிருந்தது. பொறுமையாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்பதற்கு இதுவே சாட்சி என்றார் கிளென். நீலம் பிரமாதம் என்று வெண்டல் செய்தி அனுப்பினார்.

கொரீன் மார்ஜுக்குப் போன் செய்து, ஒத்தடப் பையை அவிழ்த்துவிடலாம் என்றாள். மார்ஜுக்கு நம்பிக்கை வரவில்லை. மூஸ் நேரோஸில் அன்று நாற்பதுக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"கண்ணு, என்ன பண்ணுனன்னு நான் கேக்க மாட்டேன். போட்ரி இன்னிக்கு அரைக்கைச் சட்டையில வந்து உக்காந்திருக்காரு. பாக்கச் சகிக்கல. ஆனா நான் ஒண்ணும் சொல்லல."

அடுத்த திங்கட்கிழமை வழக்கமான சோதனைகள் ஓடின. வரவேற்பறை விளக்கு சிவந்தது.

அது சிவப்பாகவும் எரியும் என்பதையே பலர் மறந்திருந்தார்கள். தீ விபத்து என்று நினைத்து இரண்டு பேர் வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடிவிட்டார்கள். அன்று பார்த்து ஒரு பள்ளி நிர்வாகத்தினர் ஒப்பந்தம் பேச வருவதாக இருந்தது. வரவேற்பாளர் விளக்குக்கு ஒரு பச்சைக் கம்பளித் தொப்பியை மாட்டினார். அது எங்கள் ஊர் அணியின் பரம எதிரியான பக்கத்து மாகாண ஃபுட்பால் அணியின் நிறம். வின்னிபெக்கில் அதைச் சொந்தமாக வைத்திருந்தார் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவரோடு பலர் பேசுவதில்லை.

டெரில் பதினோராயிரம் சோதனைகளில் தோற்றது எது என்று தேடிப் பிடித்தார். முகம் வெளுத்து 'தெளிவு' அறைக்குள் வந்தார்.

"மைனஸ் நாற்பதுல உலை எரியுது" என்றார், ஏதோ வீடே எரிகிற மாதிரி.

மறுநாள் கொரீனைக் கூப்பிட்டார்கள். அறை நிறைந்திருந்தது. வெண்டலும் போனில் இருந்தார். பின்னால் யாரோ நீச்சலடிக்கிற சத்தம் கேட்டது. வேலை போய்விடும் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், மேஜையைச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

இது எப்படி நடந்தது என்று கிளென் கேட்டார்.

"நான்தான். சரிபண்ணிட்டேன்" என்றாள் கொரீன்.

அந்தச் சொல்லை அந்த அறையில் யாரும் இறந்தகால வினையாகக் கேட்டதில்லை.

"என்ன முன்னுரிமையில?"

"எந்த முன்னுரிமையும் இல்ல. ஒரு வரி இருந்துச்சு. இப்ப இல்ல."

கிளென் டோனட் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நான் உங்களக் குத்தம் சொல்லல, கொரீன். நல்ல மனசோட பண்ணியிருக்கீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு நீங்க ஒரு பிழையைத் திருத்துறீங்க. நாளைக்கு உங்களப் பாத்து இன்னொருத்தர் இன்னொண்ணைத் திருத்துவாரு. இப்படியே ஆளாளுக்குத் திருத்திக்கிட்டே போனா ஒரு நாள் திருத்துறதுக்கு எதுவுமே மிஞ்சாது. அப்ப நாம எதை வரிசைப்படுத்துறது? இந்த அறையில பன்னண்டு குடும்பத்தோட சாப்பாடு இருக்கு."

டெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழு தீர்மானித்தது இது: கொரீனுக்குத் தண்டனை வேண்டாம். அந்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். விளக்கு பச்சையாகிவிடும். பிழை தன் பழைய இடத்தில் வரிசையில் நிற்கும். முறை வரும்போது, அநேகமாக ஜூலையில், முறைப்படி திருத்தப்படும். எல்லாக் கைகளும் உயர்ந்தன. முதலாளியின் குரலும் போனில் 'ஆமாம்' என்றது, நீலம் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றது.

கொரீன் தள்ளி வைத்திருந்த பெட்டியை இழுத்து, ஒரு உருண்டையை எடுத்து மெல்ல ஆரம்பித்தாள். விழுங்கி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"சரி, கிளென். திரும்ப வெச்சிடுறேன்" என்றாள். "ஆனா அதுவும் ஒரு மாற்றம்தானே? குழு நிறம் குடுக்காம நான் நிரலைத் தொடக் கூடாதே. ஒரு தடவை பண்ணுனதே தப்புன்னு இப்பத்தான் புரிஞ்சுது. மறுபடி பண்ண எனக்குத் தைரியம் இல்ல."

கிளென் முகத்தில் ஓர் ஆசிரியரின் பெருமை தெரிந்தது. பெயின்ட் அட்டைகளைக் கையில் எடுத்தார். குழு முறைப்படி கேள்விகளைத் தொடங்கியது. பிழையைத் திரும்ப வைக்கச் சொல்லி வாடிக்கையாளர் யாராவது கேட்டிருக்கிறார்களா? இல்லை. திரும்ப வைக்காததால் இப்போது யாருக்காவது பாதிப்பு உண்டா? இல்லை. சோதனை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் தோற்கிறது. தோற்கிற சோதனையை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை என்று டெரில் நினைவூட்டினார். அது அன்றே ஓய்வுக்கு அனுப்பப்பட்டது, விளக்கு பச்சையாயிற்று, வரவேற்பாளர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கிளென் ஜன்னல் ஓரமாகப் போய் வெகு நேரம் அட்டைகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில், சிவப்பா வெள்ளையா என்று சந்தேகம் வரக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அட்டையின் பின்னால் 'கூச்சம்' என்று அச்சடித்திருந்தது. எங்கள் வரிசையில் அதற்குக் கீழே எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மூஸ் நேரோஸில் உலை அணையவில்லை. கொரீன் ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறாமல் கூட்டத்துக்கு வருகிறாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய முறை வந்ததும் எழுந்து நின்று, அந்தப் பிழையைத் திரும்ப வைக்கும் வேலை என்ன ஆயிற்று என்று கவலையோடு கேட்கிறாள். போன வாரம் கொஞ்சம் அழுத்தியே கேட்டுவிட்டாள். இவ்வளவு நாள் தள்ளிப்போடுவது நியாயமா, குழுவின் தீர்மானத்துக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்றாள்.

கிளென் டோனட் பெட்டியை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"உங்க அக்கறை எனக்குப் புரியுது, கொரீன். ஆனா பொறுமையா இருக்கணும். அதுக்கு முன்னாடி எவ்வளவோ நிக்குது."

அவள் ஏமாற்றத்தோடு தலையாட்டிவிட்டு, ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.